பந்தை விட்டுக் காலைப் பாருங்கள்: அமெரிக்கக் கால்பந்தில் ஒரு வரிசை வீரரின் ஆட்ட வாழ்வைப் பின்தொடரும் முறை

திருவாரூர் ஆழித்தேர் வீதி சுற்றி வரும் நாளில், ‘ஆரூரா, தியாகேசா’ என்று குரல் எழுப்பி வடம் பிடிப்பவர்களையும் மேலே அமர்ந்திருக்கும் தியாகராசரையும் பார்க்காத கண் இருக்காது. சக்கரத்தை ஒட்டிக் குனிந்தபடியே நடந்து, தேர் வரும் வேகத்துக்கும் திரும்ப வேண்டிய கோணத்துக்கும் ஏற்ப முட்டுக்கட்டையைச் செருகுவதும் எடுப்பதுமாக இருப்பவரைக் கவனிப்பவர்கள் மிகச் சிலரே. 96 அடி உயரம், சுமார் 300 டன் எடை என்று சொல்லப்படும் அந்தத் தேர் ஒரு வீட்டுத் திண்ணையையும் இடிக்காமல் நிலைக்கு வந்து சேர்வதில் அவருடைய கைக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் மறுநாள் பத்திரிகையில் வரும் படத்தில் அவர் இருக்கமாட்டார். அமெரிக்கக் கால்பந்தில் ‘ஆஃபென்சிவ் லைன்மேன்’ என்று அழைக்கப்படுகிற, இக்கட்டுரையில் வரிசை வீரர் என்று நான் குறிப்பிடப்போகிற ஐந்து பேர், அந்த முட்டுக்கட்டை போடும் வேலையைத்தான் செய்கிறார்கள்.

நான் திருவாரூர் மாவட்டத்தில் உடற்கல்வி ஆசிரியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இளமையில் கபடியில் இடது கார்னர் ஆடியவன். 2018-ல் மகள் வீட்டில் தங்குவதற்காகப் பிலடெல்பியா பக்கம் போயிருந்தபோது இந்த ஆட்டம் எனக்கு அறிமுகமானது. முதல் சில வாரங்கள் பந்து எங்கே போகிறது என்றே தேடிக்கொண்டிருந்தேன், ஒன்றும் பிடிபடவில்லை. ஒருநாள் பந்தை விட்டுவிட்டு, ஓரத்தில் நின்ற ஒரு பெரிய உடம்புக்காரரின் காலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். கார்னரில் நின்று ரைடரின் இடுப்பைக் கவனித்த பழக்கம் திரும்பி வந்தது. அன்றிலிருந்து ஆட்டம் விளங்கத் தொடங்கியது. காவிரிப் படுகையில் கபடி பார்த்தும் ஆடியும் வளர்ந்த எவருக்கும் இந்த ஆட்டத்துக்குள் நுழைய இதுவே நல்ல வாசல் என்று நம்புகிறேன். ஒரு வரிசை வீரரைத் தேர்ந்தெடுத்து, அவர் என்.எஃப்.எல். என்னும் அமெரிக்கத் தொழில்முறை லீகுக்குள் நுழையும் நாள் முதல் ஓய்வு பெறும் நாள் வரை எப்படிப் பின்தொடர்வது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவை

விதிப் புத்தகம் முழுவதையும் படித்துவிட்டு உட்கார வேண்டியதில்லை. பக்கத்துக்குப் பதினொரு பேர். பந்து வைத்திருக்கும் அணிக்கு, அதைக் கையில் ஏந்தி ஓடியோ எறிந்து பிடித்தோ பத்து கஜம் முன்னேற நான்கு வாய்ப்புகள். அந்த அணியின் முன்வரிசையில் நடுவில் நிற்பவர் சென்டர். அவரே பந்தைக் கால்களுக்கு இடையே பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்கி வைப்பவர். அந்தத் தொடக்கத்துக்கு ஸ்னாப் என்று பெயர். சென்டரின் இரு பக்கமும் நிற்பவர்கள் கார்டுகள், அவர்களுக்கும் வெளியே நிற்பவர்கள் டேக்கிள்கள். இந்த ஐவரும் 50 முதல் 79 வரையிலான எண்களை அணிவார்கள். நடுவரிடம் முன்கூட்டியே சொல்லி அனுமதி பெற்றாலொழிய முன்னோக்கி எறியப்படும் பந்தை இவர்கள் பிடிக்க முடியாது. ஸ்னாப்புக்கு முன் அசைந்துவிட்டால் அணிக்கு ஐந்து கஜம் தண்டனை. எதிராளியைப் பிடித்து இழுத்தால் பத்து கஜம்.

கபடிக்காரர்களுக்கு இந்தக் கடைசி விதிதான் கண்ணில் உறுத்தும். நம் ஆட்டத்தில் பிடிதான் கார்னரின் பெருமை. அங்கே பிடித்தால், தவறு என்று காட்ட நடுவர் எறியும் கொடி விழுகிறது. நடைமுறையில், எதிராளியின் மார்புச் சட்டகத்துக்குள் கை இருக்கும்வரை நடுவர் பெரும்பாலும் விட்டுவிடுவார். எதிராளி விலகி ஓடும்போது தோளுக்கு வெளியே கை போய் இழுத்துவிட்டால் விடமாட்டார். ஆகவே தன்னைவிட வேகமான ஒருவரைப் பிடிக்காமலேயே நிறுத்துவதுதான் வரிசை வீரரின் தொழில். 1978-ல் செய்யப்பட்ட விதி மாற்றத்துக்குப் பிறகே, எறிதலைக் காக்கும்போது கையை நீட்டி, உள்ளங்கையை விரித்துத் தடுக்க அவர்களுக்கு அனுமதி கிடைத்தது. அதற்கு முந்தைய ஆட்டங்களின் பழைய படங்களைப் பார்த்தால், முழங்கையை மடக்கி மார்போடு வைத்துக்கொண்டு அவர்கள் எவ்வளவு சிரமப்பட்டார்கள் என்பது தெரியும்.

ஒரே ஒரு ஸ்னாப்பைப் பார்ப்பது

என் தங்கை மகன் மன்னார்குடிப் பக்கம் கபடி ஆடுகிறான், ரைடர். அவனை உட்கார வைத்து இடது டேக்கிளை மட்டும் பார்க்கச் சொன்னபோது, “பந்தைப் பார்க்காம எப்படி மாமா ஆட்டம் பார்க்கிறது?” என்று கேட்டான். பதிவு செய்யப்பட்ட ஆட்டத்தில் ஒரே ஸ்னாப்பை நான்கு முறை ஓட்டிக் காட்டினேன். அந்த முறையையே உங்களுக்கும் சொல்கிறேன்.

முதல் ஓட்டத்தில் கால்களை மட்டும் பாருங்கள். எறிதல் ஆட்டமென்றால், பந்து நகர்ந்த நொடியில் இடது டேக்கிள் நாற்காலியில் பாதி உட்கார்ந்தவரைப் போல இடுப்பைத் தாழ்த்திக்கொண்டு, இடது காலைப் பின்னுக்குச் சறுக்கி வைப்பார். வலது கால் அதைத் தொடர்ந்து வரும். இரண்டு பாதங்களும் ஒன்றையொன்று தாண்டவே கூடாது. தாண்டிய நொடியில் எடை ஒரே காலில் விழும், எதிராளி அந்தக் காலின் பக்கம் புகுந்துவிடுவார். சேற்று வயலில் நாற்றுக்கட்டோடு பின்னால் நகர்ந்தவர்களுக்கு, பாதத்தை உயரத் தூக்காமல் எடையை நடுவில் வைத்து நகர்வது என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. 150 கிலோ எடையுள்ள ஒருவர், தன்னைவிட முப்பது நாற்பது கிலோ குறைவான, தன்னைவிட வேகமாக முன்னோக்கி ஓடிவரும் ஒருவருக்கு எதிரே, பின்னோக்கியே இதைச் செய்கிறார் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

இரண்டாவது ஓட்டத்தில் கைகள். கையை முதலில் வீசியவர் பெரும்பாலும் தோற்பார். எதிராளி தன் கையை வீசும்வரை பொறுத்திருந்து, பிறகு கட்டைவிரல் மேல்நோக்கியிருக்க, அவர் மார்பில் குத்துவதுபோல் வைப்பதுதான் நல்ல கை. கார்னர் அவசரப்பட்டுக் காலுக்குப் பாய்ந்தால் ரைடர் அவர் முதுகின் மேலே தாண்டிக் கோட்டைத் தொட்டுவிடுவாரே, அதே கதைதான் இங்கும்.

மூன்றாவது ஓட்டத்தில் பக்கத்து ஆளைப் பாருங்கள். எதிரணியில் இருவர் பாதை மாற்றிக் குறுக்கே புகுவார்கள்: வெளியே நின்றவர் உள்ளே வருவார், உள்ளே நின்றவர் சுற்றிக்கொண்டு வெளியே போவார். அப்போது டேக்கிளும் கார்டும் தத்தம் ஆளைத் துரத்திக்கொண்டு ஓடினால் இருவரும் மோதி விழுவார்கள். தன் ஆளைப் பக்கத்தவரிடம் ஒப்படைத்துவிட்டு, அவர் விட்ட ஆளைத் தான் எடுத்துக்கொள்ள வேண்டும். இதற்குப் பேச நேரமில்லை. கார்னரும் பக்கத்து ஆட்டக்காரரும் கைகோத்து நிற்கும் சங்கிலியில், கையின் ஒரு அழுத்தத்திலேயே ‘இப்போது’ என்று தெரிந்துகொள்வதைப் போன்ற பழக்கம் இது. ஒரே ஐவர் இரண்டு மூன்று ஆண்டுகள் சேர்ந்து ஆடும் வரிசை, தனித்தனியே திறமை மிகுந்த ஐந்து புதியவர்களைவிடப் பல நேரம் நன்றாக ஆடுவதற்குக் காரணம் இதுவே.

நான்காவது ஓட்டத்தில்தான் பந்தைப் பார்க்க வேண்டும். எறிபவரான குவார்ட்டர்பேக் இரண்டரை அல்லது மூன்று வினாடி தலை நிமிர்ந்து நின்று எறிந்திருந்தால், நீங்கள் முதல் மூன்று ஓட்டங்களில் பார்த்தவர் அவர் வேலையை முடித்துவிட்டார் என்று பொருள். அந்த வினாடிகளில் எதுவுமே நடக்கவில்லை என்றுதான் வர்ணனையாளருக்குத் தோன்றும்.

இதில் இடது டேக்கிளை நான் முதலில் காட்டியதற்குக் காரணம் உண்டு. வலக்கையால் எறிபவர் எறியத் திரும்பும்போது அவர் முதுகு இடது பக்கம் இருக்கும். அந்தப் பக்கத்திலிருந்து வருபவரை அவரால் பார்க்க முடியாது. 1985 நவம்பர் 18 அன்று, வாஷிங்டன் அணியின் குவார்ட்டர்பேக் ஜோ தைஸ்மன், நியூயார்க் அணியின் லாரன்ஸ் டெய்லரால் வீழ்த்தப்பட்டபோது கால் முறிந்து, அத்துடன் அவருடைய ஆட்ட வாழ்வே முடிந்தது. இடது டேக்கிளின் விலை பின்னாளில் ஏறியதைப் பேசுபவர்கள் அந்த இரவை நினைவுகூராமல் இருப்பதில்லை. இன்று எதிரணிகள் தங்கள் வேகமானவரை எந்தப் பக்கமும் நிறுத்துவதால் வலது பக்கத்துக்கும் மதிப்பு வந்துவிட்டது. டெட்ராய்ட் அணியின் வலது டேக்கிள் பெனெய் சியூவெல் 2024-ல் நான்கு ஆண்டுகளுக்கு 11.2 கோடி டாலர் ஒப்பந்தம் பெற்றார்.

நடக்காததைக் கணக்கெடுப்பது

ஓடுபவருக்குக் கஜம், எறிபவருக்கு எறிதல், பிடிப்பவருக்குப் பிடிப்பு என்று எல்லோர் பெயருக்கு நேரேயும் எண் உண்டு. வரிசை வீரர் பெயருக்கு நேரே ஆடிய ஆட்டங்களும், தொடக்கத்திலேயே களமிறங்கிய ஆட்டங்களும், தண்டனைகளும்தான் இருக்கும். குவார்ட்டர்பேக் பந்தோடு வீழ்த்தப்படுவதைச் சாக் என்பார்கள். அதை வீழ்த்தியவரின் பெயரில் லீக் எழுதிக்கொள்கிறது, விட்டவரின் பெயரில் எழுதுவதில்லை. தனியார் நிறுவனங்கள் ஒவ்வொரு ஸ்னாப்பையும் பார்த்து மதிப்பெண் போடுகின்றன. அவை பயனுள்ளவையே, ஆனாலும் அந்த ஸ்னாப்பில் அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை என்ன என்பது அணிக்குள் இருப்பவர்களுக்கே உறுதியாகத் தெரியும் என்பதை மறக்க வேண்டாம்.

ஆகவே நான் மூன்று எண்களை மட்டும் குறித்து வைக்கிறேன்: எத்தனை ஆட்டம் தொடங்கினார், எத்தனை ஸ்னாப் ஆடினார், எத்தனை முறை அவருக்குக் கொடி விழுந்தது. ஓர் அணி ஓர் ஆட்டத்தில் அறுபதுக்குச் சற்று முன்பின்னாக ஸ்னாப் ஆடும். 17 ஆட்டங்கள் கொண்ட ஒரு சீசனில் அது ஆயிரத்தைத் தாண்டும். கிளீவ்லாந்து பிரௌன்ஸ் அணியின் இடது டேக்கிள் ஜோ தாமஸ் 2007-ல் தன் முதல் ஆட்டத்தில் இறங்கியதிலிருந்து 2017 அக்டோபரில் கையின் பின்தசை கிழியும்வரை, ஒன்றைக்கூட விடாமல் 10,363 ஸ்னாப்புகள் தொடர்ந்து ஆடினார். அந்தப் பதினொரு சீசனிலும் அவர் அணி ஒருமுறைகூட நாக் அவுட் சுற்றுக்குப் போகவில்லை. தோற்றுக்கொண்டே இருந்த அணியில், முடிவு தெரிந்துவிட்ட ஆட்டத்தின் கடைசி நிமிடத்திலும் அவர் அதே இடுப்புத் தாழ்வோடு நின்றார். எனக்குத் தெரிந்து ஒரு வரிசை வீரரின் வாழ்வைச் சொல்ல அதைவிட நல்ல எண் இல்லை.

வரிசை வீரர்களின் மதிப்பு, அவர்கள் இல்லாத நாளில் வெளிப்படையாகத் தெரியும். இதற்கு மூன்று சூப்பர் பௌல் இறுதியாட்டங்களை வரிசையாகப் பார்க்கச் சொல்வேன். மூன்றிலும் கன்சாஸ் சிட்டி அணிதான், எறிபவர் பாட்ரிக் மஹோம்ஸ்தான். 2021 பிப்ரவரியில் அந்த அணியின் வழக்கமான இரண்டு டேக்கிள்களும் காயத்தால் இறங்கவில்லை. டாம்பா பே அணி அவரைச் சாக் செய்தது மூன்று முறைதான். ஆனால் ஆட்டம் முழுக்க அவர் பின்னால் ஓடி, பக்கத்தில் ஓடி, விழுந்துகொண்டே எறிந்தார். எதிரணியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டுசேர்க்கும் டச் டவுன் ஒன்றைக்கூடக் கன்சாஸ் சிட்டியால் எடுக்க முடியவில்லை. 31-9 என்று தோற்றது. சாக் எண்ணிக்கையை மட்டும் நம்பக் கூடாது என்பதற்கும் இந்த ஆட்டமே சான்று. அடுத்த சீசனில் அந்த அணி ஐந்து இடத்திலும் புதியவர்களை நிறுத்தியது. 2023 பிப்ரவரியில், அந்த சீசனில் 70 சாக் எடுத்திருந்த பிலடெல்பியா ஈகிள்ஸை எதிர்கொண்டபோது, மஹோம்ஸ் ஒருமுறைகூட வீழ்த்தப்படவில்லை. 38-35 என்று வெற்றி. 2025 பிப்ரவரியில் அதே பிலடெல்பியா அவரை ஆறு முறை வீழ்த்தி, 40-22 என்று வென்றது. எறிபவரின் தோளும் கண்ணும் மூன்று ஆண்டும் அவையேதான். முன்னால் நின்ற சுவர் மாறி மாறி வந்தது.

ஓடும் ஆட்டத்துக்கும் இதே கணக்குதான். 2024 சீசனில் பிலடெல்பியாவின் சேக்வான் பார்க்லி 2,005 கஜம் ஓடினார். அவர் ஓட்டங்களைத் திரும்பப் பாருங்கள். பலவற்றில் முதல் ஐந்து கஜத்துக்கு அவரை ஒருவரும் தொட்டிருக்க மாட்டார்கள். அந்த இடைவெளியை உண்டாக்கியவர்கள் யார் என்று ஒவ்வொரு முறையும் எண்களைக் குறித்துக்கொண்டால், ஒரே மாதத்தில் ஐவரையும் முகம் தெரியாமலே அடையாளம் கண்டுவிடுவீர்கள்.

நுழைவு

உங்களுக்கான வீரரைத் தேர்ந்தெடுக்க நல்ல காலம் சித்திரை. ஏப்ரல் கடைசியில் நடக்கும் டிராஃப்டில் ஏழு சுற்றுகளாக 32 அணிகள் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கின்றன. அதற்கு முன்பு இண்டியானாபொலிஸில் உடற்தேர்வு நடக்கும்: 225 பவுண்டு, அதாவது சுமார் 102 கிலோ எடையைப் படுத்தபடி எத்தனை முறை தூக்குகிறார், 40 கஜத்தை எத்தனை வினாடியில் ஓடுகிறார், கை எவ்வளவு நீளம் என்றெல்லாம் அளப்பார்கள். 40 கஜ ஓட்டத்தில் முதல் பத்து கஜத்தை மட்டும் கவனியுங்கள். வரிசை வீரர் ஆட்டத்தில் அதற்கு மேல் நேராக ஓடுவது அரிது. டேக்கிளுக்குக் கை நீளம் 34 அங்குலம் இருக்க வேண்டும் என்பது பலரும் சொல்லும் அளவு; அதற்குக் குறைந்தவர்களை உள்ளே கார்டு இடத்துக்கு மாற்றிவிடுவதுண்டு.

முதல் சுற்று வீரரைத் தேர்ந்தெடுக்காதீர்கள் என்பது என் கருத்து. அவர்களுக்கு வாய்ப்பு தானாக வரும். கீழே இருந்து வருபவரின் பாதையில்தான் தொழில் முழுவதும் தெரியும். சென்டர் ஜேசன் கெல்சி 2011-ல் ஆறாம் சுற்றில் 191-ஆவது ஆளாகத் தேர்வானவர். பதின்மூன்று சீசன் ஒரே அணியில் ஆடி, தொடர்ந்து 156 ஆட்டங்கள் தொடங்கினார். ஜேசன் பீட்டர்ஸை 2004-ல் எவருமே தேர்ந்தெடுக்கவில்லை. பந்து பிடிக்கும் இடத்துக்கு வந்தவர் டேக்கிளாக மாற்றப்பட்டு, 2023-ல் தன் 41-ஆம் வயதிலும் களத்தில் நின்றார்.

அந்தப் பீட்டர்ஸ் நின்ற இடத்துக்குப் பின்னாளில் வந்தவர்தான் ஜோர்டன் மைலாட்டா. கபடி தெரிந்தவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய பெயர் இது. சிட்னியில் பிறந்து வளர்ந்த சமோவா வம்சாவளியினர், ரக்பி ஆடியவர், ஆறடி எட்டு அங்குலம். அமெரிக்கக் கால்பந்தில் ஓர் ஆட்டம்கூட ஆடாத நிலையில், பிற நாட்டவர்களுக்காக லீக் நடத்தும் பயிற்சித் திட்டத்தின் வழியே வந்து, 2018-ல் ஏழாம் சுற்றில் 233-ஆவது ஆளாகப் பிலடெல்பியாவால் எடுக்கப்பட்டார். முதல் இரண்டு சீசனும் முதுகுக் காயத்தில் போயின. ஓர் ஆட்டமும் ஆடவில்லை. 2020-ல் களமிறங்கினார். 2021-ல் நான்கு ஆண்டுகளுக்கு 6.4 கோடி டாலர் ஒப்பந்தம் கிடைத்தது. மேலே சொன்ன 2025 இறுதியாட்டத்தில் இடது டேக்கிளாக நின்றவர் அவரே. ஜெஃப் ஸ்டவுட்லாந்து என்ற வரிசைப் பயிற்சியாளர் அவருக்கு நிற்பதிலிருந்து சொல்லிக்கொடுத்தார். நுழைவுக் காலத்தில் வீரரைப் போலவே அவருடைய வரிசைப் பயிற்சியாளர் யார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அவர் மாறினால் ஆண்டுக்கணக்கில் பழகிய காலடி மாறும்.

ஒப்பந்தத்தை வாசிப்பது

டிராஃப்டில் வந்தவரின் முதல் ஒப்பந்தம் நான்கு ஆண்டு. முதல் சுற்று வீரரென்றால் ஐந்தாம் ஆண்டையும் அணி தன் விருப்பப்படி சேர்த்துக்கொள்ளலாம். எவரும் எடுக்காதவருக்கு மூன்று ஆண்டு. ஆனால் ஒப்பந்தம் இருப்பதால் வேலை இருக்கிறது என்று பொருளல்ல. கோடைப் பயிற்சிக்குத் தொண்ணூறு பேர் அழைக்கப்பட்டு, ஆகஸ்ட் கடைசியில் 53 பேராகக் குறைக்கப்படுவார்கள். எனவே செய்தியில் வரும் மொத்தத் தொகையைப் பார்க்காமல், உறுதியளிக்கப்பட்ட தொகை எவ்வளவு என்று பாருங்கள். நீக்கப்பட்டாலும் கைக்கு வருவது அதுதான். வரிசை வீரரின் வாழ்வில் இரண்டாவது ஒப்பந்தமே திருப்புமுனை. நான்கு ஆண்டு அருகில் இருந்து பார்த்த அணியே அதைக் கொடுத்தால், அவர் ஆட்டத்தைப் பற்றி அதைவிட நம்பத்தக்க சான்றிதழ் கிடையாது.

இன்னொரு சிறு விதி, எனக்கு மிகவும் பிடித்தது: ஆட்ட நாளில் ஓர் அணி 47 பேரை இறக்கலாம், அவர்களுள் குறைந்தது எட்டுப் பேர் தாக்குதல் வரிசை வீரர்களாக இருந்தால் 48 பேரை இறக்கலாம். எட்டாவது வரிசை வீரராக ஓரத்தில் நின்று ஆண்டு முழுவதும் ஐம்பது ஸ்னாப் மட்டுமே ஆடியவருக்கும் அந்த விதியால் பிழைப்பு உண்டு. நீங்கள் பின்தொடர்பவர் அவராகவும் இருக்கலாம். அப்படிப்பட்டவர் எந்தெந்த இடத்தில் ஆடினார் என்று கவனியுங்கள். இடது கார்னரை ஒரே இரவில் வலது கார்னருக்கு மாற்றினால் எந்தக் காலை முன்வைப்பது என்றே உடம்பு குழம்பும்; ஐந்து இடத்திலும் நிற்கத் தெரிந்தவரை எந்த அணியும் எளிதில் விடாது. புரூஸ் மேத்யூஸ் ஐந்து இடத்திலும் ஆடி, 19 சீசன் நிலைத்தார்.

உடம்பும் அதன் விலையும்

இதை எழுதாமல் இந்த வழிகாட்டியை முடிக்க எனக்கு மனம் வராது. வரிசை வீரர்களில் பலர் தங்கள் இயல்பான எடைக்கு மேல் உடம்பை வலிந்து ஏற்றி வைத்திருப்பவர்கள். பசி இல்லாதபோதும் சாப்பிடுவது அவர்கள் வேலையின் ஒரு பகுதி. ஜோ தாமஸ் ஓய்வு பெற்ற சில மாதங்களில் இருபது கிலோவுக்கு மேல் இளைத்தார். பல வரிசை வீரர்களின் ஓய்வுக்குப் பிந்தைய படங்களை அருகருகே வைத்துப் பார்த்தால் வேறு ஆட்களோ என்று தோன்றும். முழங்கால், கணுக்கால், முதுகு, கையின் பின்தசை ஆகியவையே அடிக்கடி போகும் இடங்கள். ஒருவரின் ஸ்னாப் எண்ணிக்கை ஓர் ஆண்டில் திடீரென்று விழுந்தால், காயப் பட்டியலையும் சேர்த்துப் படித்துவிட்டுப் பிறகே அவர் ஆட்டத்தைக் குறைசொல்ல வேண்டும்.

தலையில் படும் அடி வேறு வகை. பிட்ஸ்பர்க் அணியின் சென்டர் மைக் வெப்ஸ்டர், நான்கு சூப்பர் பௌல் வென்றவர், நினைவும் நிதானமும் குலைந்த நிலையில் 2002-ல் 50 வயதில் இறந்தார். பென்னட் ஒமாலு என்ற நைஜீரிய வம்சாவளி மருத்துவர் அவருடைய மூளையை ஆராய்ந்து, திரும்பத் திரும்பப் பட்ட அடிகளால் வரும் சி.டி.இ. என்ற மூளைச் சிதைவு நோயைக் கண்டறிந்து 2005-ல் வெளியிட்டார். ஒவ்வொரு ஸ்னாப்பிலும் வரிசை வீரர் எதிராளியோடு மோதுகிறார்; பெரிய அடி எதுவும் விழாமலே சிறு அடிகள் ஆயிரக்கணக்கில் சேர்கின்றன. 2017-ல் வெளியான ஓர் ஆய்வில், தானமாகப் பெறப்பட்ட 111 முன்னாள் லீக் வீரர்களின் மூளைகளில் 110-ல் இந்நோய் காணப்பட்டது. அறிகுறி கண்டு சந்தேகப்பட்ட குடும்பங்களே அதிகம் தானம் செய்திருக்கும் என்பதால், எல்லா வீரர்களுக்கும் இதே விகிதம் என்று கொள்ளக் கூடாது. அதற்காகத் தள்ளிவிடக்கூடிய எண்ணும் அல்ல. அந்த ஆய்வு வந்த இரண்டாம் நாள், பால்டிமோர் அணியின் கார்டு ஜான் அர்ஷெல் 26 வயதில் ஓய்வை அறிவித்தார், அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் முனைவர் பட்டம் முடித்து, இன்று அங்கேயே பேராசிரியராக இருக்கிறார். இன்னொரு கார்டான லோரான் டுவெர்னே-டார்டிஃப் மருத்துவப் பட்டம் பெற்றவர். 2020 பிப்ரவரியில் கன்சாஸ் சிட்டியோடு சூப்பர் பௌல் வென்றுவிட்டு, அந்த ஆண்டு கொரோனா பரவியபோது சீசனையே விட்டுக் கியூபெக்கில் முதியோர் பராமரிப்பு இல்லத்தில் பணி செய்தார்.

என் தங்கை மகனின் நண்பர்கள், மைலாட்டா கதையைக் கேட்டுவிட்டு, நம் ஊரிலிருந்து ஒருவர் போக முடியுமா என்று கேட்டார்கள். பிற நாட்டவர்க்கான பாதை இருக்கிறது. அது திறந்தே இருக்கிறது. ஆனால் 85 கிலோ எல்லைக்குள் ஆடப் பழகிய கபடி உடம்பை மருத்துவர் துணை இல்லாமல் ஐம்பது கிலோ ஏற்றப் பார்ப்பது உடம்பைக் கெடுப்பதில்தான் முடியும். இயல்பிலேயே ஆறடி நான்கு அங்குலத்துக்கு மேல் வளர்ந்து, எடை இருந்தும் கால் வேகமாக நகரும் பிள்ளை எங்கேனும் இருந்தால், அவனுக்கு முதலில் கபடியும் மல்யுத்தமும் சொல்லிக்கொடுங்கள் என்பேன். இடுப்பைத் தாழ்த்தவும் கையைப் பொறுத்து வைக்கவும் அவை கற்பிக்கும்.

நேரமும் நோட்டும்

ஆடி பதினெட்டை ஒட்டி மேட்டூர்த் தண்ணீர் கடைமடைக்கு வந்து சேரும் நாள்களில் அங்கே பயிற்சி முகாம் தொடங்கும். ஆவணியில் முதல் ஆட்டம். மார்கழியில் முதற்கட்டம் முடியும். தை கடைசியில், சம்பா அறுவடை நடந்துகொண்டிருக்கும்போது, இறுதியாட்டம். சம்பாப் பயிரோடு சேர்ந்து வளர்ந்து சேர்ந்து முடியும் சீசன் என்று நினைவு வைத்துக்கொள்ளலாம். ஞாயிறு பிற்பகல் ஆட்டங்கள் நமக்கு இரவு பத்தரைக்குத் தொடங்கும், நவம்பர் தொடக்கத்தில் அவர்கள் கடிகாரத்தை மாற்றிய பிறகு பதினொன்றரை. ஞாயிறு இரவு ஆட்டம் நமக்குத் திங்கள் காலை 5.50, பிறகு 6.50. கண்விழிக்க வேண்டாம் என்பவர்கள் இந்தக் காலை ஆட்டத்தில் ஆடும் அணியிலிருந்து வீரரைத் தேர்ந்தெடுக்கலாம்.

நோட்டில் பக்கத்துக்கு ஒரு ஆட்டம். தேதி, எதிரணி, நின்ற இடம், ஸ்னாப், கொடி. அதன் கீழே நீங்கள் நான்கு முறை ஓட்டிப் பார்த்த இரண்டு ஸ்னாப்புகளைப் பற்றி இரண்டு வரி. நல்லது ஒன்று, தவறியது ஒன்று இருக்கட்டும். மூன்று சீசன் கணக்கில் ஏறினால் அவருக்கு ஓய்வூதிய உரிமை வந்துவிடும். அந்த நாளை முன்கூட்டியே குறித்து வையுங்கள், பலருக்கு அது எட்டாத நாள். ஓய்வு பெற்று ஐந்து ஆண்டு கழிந்த பிறகே ஓஹியோ மாநிலம் காண்டனில் உள்ள புகழ் மண்டபத்துக்குப் பெயர் பரிசீலிக்கப்படும். ஜோ தாமஸ் 2018-ல் ஓய்வு பெற்று 2023-ல் அங்கே சேர்ந்தார்.

தங்கை மகன் சென்ற சித்திரையில் ஐந்தாம் சுற்றில் வந்த ஒரு கார்டைத் தேர்ந்தெடுத்தான். முதல் மூன்று வாரமும் அவன் நோட்டில் ‘இறங்கவில்லை’ என்ற ஒரே சொல்தான். நான்காம் வாரம் திங்கட்கிழமை காலை, நான் கொல்லையில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது அவனிடமிருந்து அழைப்பு வந்தது.

“மாமா, இன்னைக்கு எறக்கிட்டாங்க. பதினொரு ஸ்னாப். எட்டாவதுல மட்டும் வலது காலு லேட்டு மாமா, பார்த்தீங்களா?”